கார்தா ஏரியைச் சுற்றுவதா, மின்ச்சோ ஆற்றோடு போவதா? வட இத்தாலியில் ஐந்து நாள் சைக்கிள் பயணம்

நெடுவழி · பிப்ரவரி 9

வணக்கம். வருகிற மே மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் வட இத்தாலிக்குச் செல்லவிருக்கிறோம். அதில் ஐந்து நாள்களைச் சைக்கிளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாரந்தோறும் ஓட்டுபவர்கள் நாங்கள். ஒரே நாளில் 150 கிலோமீட்டர் ஓட்டும் பழக்கம் எனக்கு உண்டு. மனைவிக்கு 70 கிலோமீட்டர் வரை சிரமமில்லை. மலையேற்றம் என்று பார்த்தால், ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை இருவரும் இரண்டு முறை ஏறியிருக்கிறோம், அவ்வளவுதான்.

வரைபடத்தைப் பார்த்து நான் போட்டிருக்கும் திட்டம் இது. கார்தா ஏரியின் தென்கரையில் உள்ள பெஸ்கியேராவில் தங்கி, முதல் நாள் நான் மட்டும் கார்தா ஏரியை முழுவதுமாகச் சுற்றி வருவேன். அது ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மறுநாள் இருவருமாக மின்ச்சோ ஆற்றங்கரை வழியே மாந்தோவா நகருக்குப் போவோம். பிறகு ரயிலில் கோமோ ஏரிக்குச் சென்று, மீதி நாள்களில் அந்தக் கரையையும் கிசல்லோ மலையில் உள்ள மாதா ஆலயத்தையும் பார்ப்போம்.

ஏரிக்கரைச் சாலைகள் சைக்கிளுக்கு ஏற்றவையா, 28 மில்லிமீட்டர் டயர் ஆற்றங்கரைப் பாதைகளுக்குத் தாங்குமா, கிசல்லோ ஏற்றம் எங்களைப் போன்றவர்களால் முடியுமா என்ற மூன்றையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.


நீர்வழி · பிப்ரவரி 9

வணக்கம் நெடுவழி அவர்களே. நான் வெரோனாவில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். கார்தாவுக்கும் மாந்தோவாவுக்கும் இடையில் நான் ஓட்டாத மாதம் இல்லை. உங்கள் திட்டத்தில் மாந்தோவா செல்லும் நாளைத் தவிர மற்றவற்றை மறுபடி யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரைபடத்தில் ஏரியைச் சுற்றி ஓடும் சாலை மிக அழகாகத் தெரியும். தரையில் நிலைமை வேறு. கார்தாவின் தென்பாதி சமவெளியில் விரிந்து கிடக்கிறது; வடபாதியோ இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது, அங்கே பாறை நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. ஆகவே வடக்கே சாலைக்குக் கிடைத்த இடம் பாறையைக் குடைந்து எடுத்த இடம் மட்டுமே. 1931-இல் திறக்கப்பட்ட மேற்குக் கரைச் சாலை எழுபதுக்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகளோடு கட்டப்பட்டது. லிமோனேவுக்கும் வடகோடியில் உள்ள ரீவாவுக்கும் இடையில் சில சுரங்கங்களில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. அனுமதி உள்ளவற்றிலும் விளக்கு மங்கல், பாதை குறுகல், பின்னால் சுற்றுலாப் பேருந்து. 2018-இல் லிமோனேவில் பாறைச் சரிவில் தொங்கவிட்டாற்போல் கட்டிய சைக்கிள் பாதையின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது உண்மையிலேயே அற்புதமான பாதை. ஆனால் அதன் நீளம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். அதன் முடிவில் ரீவாவுக்குப் போகும் தொடர்ச்சி கிடையாது. அதை நம்பி யாரும் முழுச் சுற்றுக்குக் கிளம்ப வேண்டாம்.

கிழக்குக் கரை அவ்வளவு மோசமில்லை. சுரங்கங்கள் குறைவு, ஊர்களும் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, திசை. இத்தாலியில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. கோயிலை வலம் வருவதுபோல ஏரியை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஓட்டினால், உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு வண்டியும் வராது. கிழக்குக் கரையில் அப்படி ஓட்டுவது என்றால் வடக்கிலிருந்து தெற்கே வருவதாகும். எதிர்த்திசையில் போனால், பார்வைக்கும் ஏரிக்கும் குறுக்கே நாள் முழுவதும் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, காற்று. இந்த ஏரிக்கு நேரம் தவறாத இரண்டு காற்றுகள் உண்டு. பின்னிரவில் தொடங்கிக் காலை வரை வடக்கிலிருந்து வீசுவதைப் பெலேர் என்கிறார்கள். நண்பகலுக்குப் பின் சமவெளி சூடேறியதும் தெற்கிலிருந்து எதிர்த்து வருவது ஓரா. ஏரியின் வடகோடியில் உள்ள தோர்போலேவில் பாய்மரப் பலகை விளையாடுபவர்கள் குவிவதெல்லாம் இந்த ஓராவுக்காகத்தான். விடியற்காலையில் தோர்போலேவிலிருந்து தெற்கே கிளம்பினால் பெலேர் முதுகைத் தள்ளும். பதினொரு மணிக்குக் கிளம்பினால் அதே சாலையில் ஓரா மார்பில் மோதும். 140 கிலோமீட்டர் சுற்றில் இந்த இரண்டில் ஒன்றாவது உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும்.

ஆகவே ஏரியைச் சுற்றாதீர்கள். ஆறுகளைப் பின்பற்றி ஏரிக்குள் இறங்கி, ஏரியிலிருந்து புறப்படும் மின்ச்சோ ஆற்றோடு போங்கள். முதல் நாள் த்ரெந்தோ நகரில் தொடங்கி, அதிஜே ஆற்றின் கரையில் உள்ள சைக்கிள் பாதையில் ரொவெரேத்தோவைக் கடந்து மோரி வரை வாருங்கள். இருபுறமும் ஆப்பிள் தோட்டங்கள், திராட்சைக் கொடிகள், பாதை தட்டையானது. மோரியில் ஆற்றை விட்டு மேற்கே திரும்பி, லோப்பியோ வழியாகச் சான் ஜொவான்னி கணவாய்க்கு ஏறுங்கள். அதன் உயரம் 287 மீட்டர்தான், ஏலகிரி ஏறியவர்களுக்கு இது ஏற்றமே இல்லை. அதைக் கடந்து நாகோ என்ற ஊரின் விளிம்புக்கு வந்தால் ஏரி முழுவதும் காலடியில் திறக்கும். அன்றைய தூரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மறுநாள் விடியலில் தோர்போலேவிலிருந்து பெஸ்கியேரா வரை 65 கிலோமீட்டர். மூன்றாம் நாள் மாந்தோவா. மூன்று நாள்களிலும் உங்கள் மனைவி உங்களோடு வருவார். முதல் நாளே அவரை அறையில் விட்டுவிட்டுப் போக வேண்டியிராது.


ஏறுமுகம் · பிப்ரவரி 10

நீர்வழி எழுதியதில் பாதியை ஏற்கிறேன். ஏரிக்கரைச் சாலை பற்றிய எச்சரிக்கை சரியே. ஆனால் கோமோவைக் கைவிடச் செய்யும் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. ரோடு பைக் ஓட்டும் ஒருவர் வட இத்தாலி வரை வந்துவிட்டுக் கிசல்லோவைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

754 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தச் சிறிய மாதா ஆலயத்தை 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் சைக்கிள் ஓட்டுபவர்களின் காவல் தலமாக அறிவித்தார். உள்ளே சுவர் தெரியாத அளவுக்கு வீரர்களின் சட்டைகளும் சைக்கிள்களும் தொங்குகின்றன. கோப்பி, பார்த்தாலி, மெர்க்ஸ் ஓட்டிய வண்டிகள் அங்கே இருக்கின்றன. அந்த வட்டாரத்திலேயே பிறந்து, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1995-இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் இறக்கத்தில் விழுந்து உயிரிழந்த ஃபாபியோ காசார்த்தெல்லியின் வண்டியும் அங்கேதான் இருக்கிறது. முறிந்து வளைந்த அந்தச் சட்டகத்தின் முன் நான் நின்ற சில நிமிடங்களை இன்றும் மறக்க முடியவில்லை. பக்கத்திலேயே 2006-இல் திறந்த சைக்கிள் அருங்காட்சியகம் உள்ளது.

ஏற்றத்தைப் பற்றி: பெல்லாஜோவிலிருந்து எட்டரை கிலோமீட்டர். சராசரிச் சரிவு ஆறு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு அல்லது அதையொட்டி என்று படித்து ஏமாறாதீர்கள். நடுவில் தட்டையான பகுதியும் சிறு இறக்கமும் இருப்பதால்தான் சராசரி குறைந்து தெரிகிறது. முதல் நான்கு கிலோமீட்டர் ஒன்பது விழுக்காட்டை ஒட்டியது. சில இடங்களில் 14 வரை போகும். கடைசி ஒன்றரை கிலோமீட்டரும் அதேபோல்தான். முன் பற்சக்கரத்தில் 34 பல், பின் பற்சக்கரத்தில் 32 பல் இருந்தால் இருவரும் நிதானமாக ஏறிவிடலாம். 1905-இல் தொடங்கிய லொம்பார்தியா பந்தயம் இந்த வழியில் பல முறை ஓடியிருக்கிறது. அந்தத் தாரில் ஏறும்போது கால்களுக்கு வேறொரு வலு வருகிறது. பக்கத்தில் உள்ள சொர்மானோ சுவருக்கு மட்டும் போக வேண்டாம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்தப் பாதையில் சரிவு 25 விழுக்காட்டையும் தாண்டுகிறது.


தென்றிசை · பிப்ரவரி 10

நெடுவழி அண்ணா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடங்களாகச் சுவிற்சர்லாந்தின் லுகானோவில் இருக்கிறேன். எங்களுக்குக் கோமோ பக்கத்து வீடு மாதிரி. ஏறுமுகம் சொல்லும் கிசல்லோவுக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை போகிறேன். ஆனால் கோமோ ஏரியின் கரை வீதியும் கார்தாவைப் போலத்தான்: ஒடுக்கம், வளைவு, வேகமான வாகனங்கள். எனவே கோமோவுக்குப் போனாலும் கரை வீதியில் நெடுந்தூரம் ஓட வேண்டாம். வரேன்னாவிலிருந்து பெல்லாஜோவுக்கு வாகனங்களை ஏற்றும் பெரிய படகு உண்டு, சைக்கிளையும் ஏற்றுவார்கள். அதில் கடந்து, கிசல்லோ ஏறி, அதே வழியில் திரும்புவது நல்லது.

கோமோவிலும் ஏரியை விட அதிலிருந்து புறப்படும் ஆறுதான் சைக்கிளுக்கு உகந்தது என்பது என் அனுபவம். லெக்கோவில் ஏரி முடிந்து அத்தா ஆறு தெற்கே போகிறது. முன்பு படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துப் போன பாதையே இப்போது சைக்கிள் பாதை. இம்பெர்சாகோவில் இயந்திரம் இல்லாத ஒரு படகுத்துறை உண்டு; ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தின் விசையாலேயே அக்கரை சேரும் படகு அது. லெயொனார்தோ தா வின்சி இந்த வகைப் படகை வரைந்திருக்கிறார். சில காலங்களில் அது ஓடுவதில்லை. போகுமுன் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அதற்குக் கீழே பதெர்னோவில் 1889-இல் கட்டிய இரும்பு வளைவுப் பாலம், பிறகு திரெட்சோ, அதைத் தாண்டியதும் எதிர்க்கரையில் உலக மரபுச் சின்னமான கிரெஸ்பி என்னும் ஆலைத் தொழிலாளர் ஊர். திரெட்சோவிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டில் வெட்டிய மார்த்தேசானா வாய்க்காலோடு 38 கிலோமீட்டர் போனால் மிலானோ நகருக்குள்ளேயே வந்துவிடலாம்.

ஒரு குறை: அத்தா கரையில் பல இடங்களில் தார் இல்லை, இறுகிய மண்ணும் பருக்கைக் கல்லும்தான். 28 மில்லிமீட்டர் ரயர் காய்ந்த நாளில் தாங்கும், மழை பெய்த மறுநாள் தாங்காது. 32 கிடைத்தால் வாங்குங்கள்.

இன்னொன்று, வீதி விதிகள். ஊருக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட வேண்டும். அக்காவும் நீங்களும் பக்கம் பக்கமாகக் கதைத்துக்கொண்டு போக முடியாது. சுரங்கத்துக்குள் பிரதிபலிக்கும் மேற்சட்டையும் விளக்கும் கட்டாயம். சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கும் இடத்தில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். மணியும் கட்டாயம், வாடகை வண்டியில் மணி இருக்கிறதா என்று பாருங்கள். 2024 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி, வீதியின் நிலை இடம் கொடுக்கும் இடங்களில், முந்தும் வாகனம் சைக்கிளிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். நல்ல சட்டம். ஏரிக்கரையில் அந்த ஒன்றரை மீட்டருக்கு இடம் இல்லை என்பதுதான் பிரச்சினை.


விடிவெள்ளி · பிப்ரவரி 12

கார்தாவை ஏறக்குறைய முழுவதும் சுற்றியவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அதிகாலை ஐந்தரை மணிக்குப் பெஸ்கியேராவிலிருந்து கிளம்பி, நீர்வழி சொன்னபடியே ஏரியை வலப்பக்கம் வைத்து, மேற்குக் கரையில் வடக்கே சென்றேன். கார்ஞானோ வரை சாலை ஏறக்குறைய காலியாகவே இருந்தது. லிமோனேவில் தொங்குபாதையை ஓட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து எதிர்க்கரையில் உள்ள மல்ச்சேசினேவுக்குப் படகில் கடந்து, கிழக்குக் கரை வழியாகத் திரும்பினேன். மோசமான வடகோடிச் சுரங்கங்களை இதனால் முழுவதும் தவிர்க்க முடிந்தது. ஆபத்து என்று எதையும் அன்று உணரவில்லை. ஆனால் கிழக்குக் கரையில் முழுத் தூரமும் ஓரா எதிர்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் ஞாயிறு விடியலுக்கும் மே மாதக் கடைசிப் பகலுக்கும் உள்ள வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளுங்கள்.


நெடுவழி · பிப்ரவரி 13

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இதைப் படித்த பிறகு ஏரியைச் சுற்றும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். நேற்றிரவு மனைவியும் இந்த இழை முழுவதையும் படித்தார். த்ரெந்தோவிலிருந்து தொடங்கும் வழி அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கோமோவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

நீர்வழி அவர்களிடம் மேலும் கேட்க வேண்டியவை: மின்ச்சோ பாதையின் தரை எப்படி? மாந்தோவா வரையிலான 43 கிலோமீட்டர் என்பது எங்களுக்கு அரை நாள் ஓட்டம்தான். மீதி நாளில் என்ன செய்யலாம்? மாந்தோவாவோடு நின்றுவிடுவதா, ஆறு போ நதியில் கலக்கும் இடம் வரை போகலாமா? நாங்கள் இருவரும் சைவ உணவு உண்பவர்கள் என்பதால் அதையும் சொன்னால் நல்லது.


நீர்வழி · பிப்ரவரி 14

மின்ச்சோவைப் பற்றிக் கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தரை. பெஸ்கியேராவிலிருந்து மாந்தோவா வரை பாதை பெரும்பாலும் தார்தான். 28 மில்லிமீட்டர் தாராளமாகப் போதும். ஏரியின் நீர்மட்டம் கடலுக்கு மேல் 65 மீட்டர், மாந்தோவா ஏறக்குறைய 20 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் தரை தாழ்ந்துகொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஆனாலும் திரும்பி எதிர்த்திசையில் ஓட்டும்போது கால் சொல்லிவிடும்.

பெஸ்கியேராவில் ஆறு பிறக்கும் இடமே வெனிஸ் குடியரசு கட்டிய ஐங்கோணக் கோட்டையின் உள்ளேதான். கோட்டைச் சுவரைச் சுற்றித் தண்ணீர் வெளியேறுகிறது. சற்றுத் தூரத்தில் சாலியோன்சே என்ற இடத்தில் ஒரு மதகணை குறுக்கே நிற்கிறது. கார்தா ஏரியின் நீர்மட்டத்தை ஆள்வது இந்த மதகுதான்: கீழே மாந்தோவா வட்டார வயல்களுக்கு எவ்வளவு, மேலே ஏரிக்கரை ஊர்களுக்கு எவ்வளவு என்பது இங்கே தீர்மானமாகிறது. ஏரிப் பாசனத்தையும் மதகுப் பூசல்களையும் அறிந்த நமக்கு இந்த இடம் உடனே புரியும்.

அங்கிருந்து மொன்சம்பானோ கோட்டையைக் குன்றின்மேல் பார்த்துக்கொண்டே போனால் போர்கெத்தோ. இங்கே குறைந்தது இரண்டு மணி நேரம் நில்லுங்கள். ஆற்றுக்கு நடுவே பழைய நீராலைகள், அவற்றின் மரச் சக்கரங்கள் இன்றும் சுழல்கின்றன. அவற்றுக்கு மேலே பள்ளத்தாக்கை முழுவதுமாக அடைத்து நிற்கிறது 650 மீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைப் பாலம். 1393-இல் மிலானோவின் ஆட்சியாளர் ஜான் கலேயாட்சோ விஸ்கொந்தி தொடங்கியது. தண்ணீரைத் திருப்பிவிட்டால் மாந்தோவாவைச் சூழ்ந்த ஏரிகள் வற்றிவிடும், அரண் இழந்த நகரம் பணிந்துவிடும் என்பது அவரது கணக்கு என்று சொல்லப்படுகிறது. நகரம் பணியவில்லை. பாலத்தின் மேல் இன்று நீங்கள் சைக்கிளில் போகலாம். அங்கிருந்து கீழே பார்த்தால் ஆற்றின் பெருமை அளவில் தெரியாது, அதற்காக மனிதர் எடுத்த முயற்சியில் தெரியும்.

போர்கெத்தோவுக்குப் பிறகு பாதை போட்சோலோ வழியே வாய்க்கால்களின் கரையில் போகும். நேராகவும் நிழல் குறைவாகவும் இருக்கும் இந்தப் பகுதியைச் சலிப்பாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை; இருபுறமும் நீர் பாய்ந்த மக்காச்சோள வயல்களும், அசையாமல் நிற்கும் கொக்குகளும் எனக்குப் போதும். நகருக்கு வெளியே, மாந்தோவாவை ஆண்ட கொன்சாகா மன்னர்களின் வேட்டைக் காடான போஸ்கோ ஃபொந்தானா வரும். அங்கே நிழல் கிடைக்கும்.

மாந்தோவாவுக்குள் ஆலைப் பாலத்தின் வழியாக நுழையுங்கள், இடையில் வேறு வழியைத் தேட வேண்டாம். வலப்புறம் மேல் ஏரி, இடப்புறம் நடு ஏரி, எதிரே கோபுரங்களோடு நகரம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அல்பெர்த்தோ பித்தெந்தீனோ என்ற நீரியல் வல்லுநர் மின்ச்சோவை அணையிட்டு நகரைச் சுற்றி நான்கு ஏரிகளாக நிறுத்தினார். தெற்கே இருந்த நான்காவதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வற்றச் செய்துவிட்டார்கள், மூன்று இருக்கின்றன. மேல் ஏரியில் நம் தாமரை இருக்கிறது. 1921-இல் ஆசியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது, இன்று ஏரியின் ஒரு பகுதியையே மூடிவிட்டது. பரவாமல் இருக்க ஆண்டுதோறும் வெட்ட வேண்டியிருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் பூக்கும். மே கடைசியில் உங்களுக்கு இலைகள் மட்டுமே காணக் கிடைக்கும்.

உணவு: பரங்கிக்காய்ப் பூரணம் வைத்த தொர்த்தெல்லி என்ற பாஸ்தா மாந்தோவாவின் அடையாளம். பரங்கிக்காயோடு பாதாம் பிஸ்கட் தூளும் கடுகுக் காரம் சேர்த்த பழ ஊறலும் கலந்து, வெண்ணெயும் சேஜ் இலையும் விட்டுத் தருவார்கள். பாலாடைக்கட்டி உண்டு, இறைச்சி இல்லை. உள்ளூர் அரிசிச் சோற்றில் பன்றி இறைச்சி இருக்கும், கேட்டு வாங்குங்கள். வழியில் ஊர்தோறும் குழாயில் தண்ணீர் வரும். 'நோன் பொதாபிலே' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

நான்காம் நாளைப் போ நதிக்குக் கொடுங்கள். கீழ் ஏரி முடிந்ததும் வல்லாட்சா என்ற சதுப்பு, பிறகு ஆற்றின் கரையிலேயே கொவெர்னோலோ. அங்கேதான் மின்ச்சோ 652 கிலோமீட்டர் நீளமுள்ள போவில் கலக்கிறது. விருப்பம் இருந்தால் அக்கரையில் உள்ள சான் பெனதெத்தோ ஊரின் மடாலயத்தையும் பார்க்கலாம், 1007-இல் நிறுவியது.

முதல் நாள் வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மோரியிலிருந்து தோர்போலேவுக்கு நீங்கள் சைக்கிளில் கடக்கப்போகும் அதே கணவாயின் வழியாகத்தான் 1439-இல் வெனிஸ் தன் போர்க்கப்பல்களைத் தரைமேல் இழுத்துப் போனது. ஏரியின் தென்வாயில் எதிரியின் கையில் இருந்ததால், அதிஜேயில் ஏற்றிக் கொண்டுவந்த கப்பல்களை மோரியில் கரையேற்றி, லோப்பியோ ஏரியில் மிதக்கவிட்டு, மறுபடி மாடுகளும் மனிதர்களும் இழுத்து மலையேற்றி, தோர்போலேவில் இறக்கினார்கள். அந்த லோப்பியோ ஏரி இன்று இல்லை. அதிஜேயின் வெள்ளத்தைக் கார்தாவுக்குத் திருப்பிவிட்டு வெரோனாவைக் காப்பாற்றும் பத்துக் கிலோமீட்டர் சுரங்கத்தை 1950-களில் வெட்டியபோது, ஏரி அதற்குள் வடிந்துவிட்டது. நீங்கள் பார்க்கப்போவது நாணல் அடர்ந்த சதுப்பு. நின்று பாருங்கள்.


ஏறுமுகம் · பிப்ரவரி 15

இவ்வளவையும் படித்த பிறகும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை; ஆனால் ஐந்து நாளில் இரண்டையும் திணிப்பது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாந்தோவாவிலிருந்து மிலானோ போய், அங்கிருந்து ரயில் மாறி வரேன்னா போய்ச் சேர அரை நாள் கழியும். அவசரமாகப் போய் ஏறுவதற்கு கிசல்லோ ஏற்ற இடமில்லை. அடுத்த முறை அதற்கென்றே மூன்று நாள் வைத்துக்கொண்டு வாருங்கள். இறங்கும் வழியில் தென்றிசை சொல்லும் அத்தாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.


நெடுவழி · பிப்ரவரி 16

அப்படியே செய்கிறோம். த்ரெந்தோ, தோர்போலே, பெஸ்கியேரா, மாந்தோவா, போ நதி. ஐந்தாம் நாள் மழைக்கென்று ஒதுக்கிய நாள். 32 மில்லிமீட்டர் டயருள்ள வண்டிகளைக் கேட்டிருக்கிறோம். போய் வந்து எழுதுகிறேன்.


நெடுவழி · ஜூன் 6

இதை எழுதுவது நெடுவழியின் மனைவி. நீங்கள் எல்லோரும் என்னை மனத்தில் வைத்து வழி சொன்னதால், திரும்பி வந்து சொல்வது என் பொறுப்பு என்று அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வாடகைக் கடையில் மணி இல்லாத வண்டியைத்தான் முதலில் கொடுத்தார்கள்; தென்றிசை தம்பி எழுதியது நினைவுக்கு வந்து கேட்டு வாங்கினோம். த்ரெந்தோவிலிருந்து மோரி வரை ஒரு முறைகூடக் கார் எங்களை முந்தவில்லை. லோப்பியோவில் சைக்கிளை நிறுத்தி நெடுநேரம் நின்றோம். நாணலுக்கு நடுவே, முன்பு தீவாக இருந்த மேடு ஒன்று மரங்களோடு தனித்து நிற்கிறது. அதைச் சுற்றித் தண்ணீர் இருந்ததையும் அதில் கப்பல்கள் மிதந்ததையும் கற்பனை செய்ய முடிந்தது. நாகோவிலிருந்து தோர்போலேவுக்கு இறங்கும் வழி செங்குத்தானது. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். பிரேக் பிடித்துப் பழகாதவர்கள் அப்படிச் செய்வது நல்லது. அன்று மாலை சார்கா ஆறு ஏரியில் சேரும் இடத்தைப் பார்த்தோம். ஆதமெல்லோ மலைப் பனியிலிருந்து வரும் தண்ணீர்; கையை வைத்தால் விறைத்துவிடுகிறது.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். நீர்வழி அம்மா சொன்ன பெலேர் உண்மையிலேயே முதுகில் கைவைத்துத் தள்ளியது. மல்ச்சேசினே வரை மிதித்ததாகவே தோன்றவில்லை. தோர்ரி தெல் பெனாகோவில் காலை உணவுக்கு நின்றுவிட்டு அதிக நேரம் எடுத்துக்கொண்டோம். அது தவறு. பர்தொலீனோவைத் தாண்டும்போது சாலையில் கார்கள் வரிசை கட்டத் தொடங்கிவிட்டன. கடைசிப் பதினைந்து கிலோமீட்டரை யாராக இருந்தாலும் ஒன்பது மணிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று சொல்வேன்.

மின்ச்சோ நாளைப் பற்றி மேலே உள்ளதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. போர்கெத்தோவில் இரண்டு மணி நேரம் போதவில்லை, நான்கு மணி நேரம் இருந்தோம். போட்சோலோவுக்குப் பிறகு வெயில் கடுமையாக இருந்தது. அங்கே ஆளுக்கு இரண்டு குப்பி தண்ணீர் வேண்டும். மேல் ஏரியில் தாமரை இலைகள் அப்போதுதான் நீருக்கு மேல் எழும்பிக்கொண்டிருந்தன. ஊர்க் குளத்தைப் பார்த்ததுபோல் இருந்ததால் என் கணவர் பத்து நிமிடம் எதுவும் பேசவில்லை.

கொவெர்னோலோவுக்கு நான்காம் நாள் போனோம். ஆறு அங்கே அமைதியாக, அகலமாக, பழுப்பு நிறத்தில் இருந்தது. தோர்போலேவில் கண்ணாடிபோல் பார்த்த தண்ணீரா இது என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. கார்தாவுக்குள் போகும் நீர் முழுவதும் மாறி வெளியேறச் சராசரியாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று பெஸ்கியேராவில் ஒருவர் சொன்னார். அப்படியானால் நாங்கள் போவின் கரையில் நின்று பார்த்தது எங்களுக்குத் திருமணமான காலத்தில் மலையிலிருந்து இறங்கிய தண்ணீராக இருக்கலாம்.

ஐந்தாம் நாள் மழை பெய்யவில்லை. மாந்தோவாவிலிருந்து போர்கெத்தோவுக்கு அதே பாதையில் மீண்டும் ஓட்டினோம். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும் என்பது சரிதான்.

தென்றிசை தம்பிக்கு ஒரு கேள்வி: லெக்கோவிலிருந்து திரெட்சோ வரை அத்தா கரையில் செப்டம்பர் கடைசியில் ஓட்டினால் மண் காய்ந்திருக்குமா? ஏறுமுகம் சொன்ன மூன்று நாளோடு இன்னும் இரண்டு நாளைச் சேர்த்து, அடுத்த ஆண்டுக்கு விடுப்பு கேட்கலாம் என்று இருக்கிறோம்.